வெள்ளிக்கிழமைக்குக் குறித்துவைத்த துண்டு

ஜோர்டானின் தலைநகர் அம்மானில் வேலை போனவன் முதலில் வாங்குவது ஒரு மைக். பிறகு ஒரு சோபா, முதுகுக்குப் பின்னால் அடுக்கிவைக்கக் கொஞ்சம் படிக்காத புத்தகங்கள். நண்பன் ஒருவனைப் பிடித்து உட்காரவைத்து மூன்று மணி நேரம் பேசுவான். அதை முழுதாக யாரும் கேட்கப்போவதில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அதிலிருந்து வெட்டியெடுக்கும் ஒரு நிமிடத்தைத்தான் ஊர் பார்க்கும். அந்த ஒரு நிமிடத்தை வெட்டுகிறவன் நான். பெயர் வஸ்ஃபி. இந்தத் தொழிலை நான் திட்டாத நாள் கிடையாது. எனக்குச் சோறு போடுவதும் இதுதான்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் மனதில் பட்டதை அப்படியே பேசிய ஒருத்தியை எனக்குத் தெரியும். தக்ரீத் என்று பெயர். ஒரு தனியார் வானொலியில் வருஷக்கணக்காகச் செய்தி வாசித்தவள். ஒருநாள் முதலாளி செய்திப் பிரிவை இழுத்து மூடிவிட்டு இனிமேல் பாட்டு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தாள். ஜபல் ஹுசைன் பகுதியில் ஒரு சலவைக் கடைக்குக் கீழே இருக்கும் நிலவறையில் நானும் அவளும் 'மைக்குக்குப் பின்னால்' என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தோம். பாட்காஸ்ட்டிலும் இணைய வீடியோவிலும் அந்த வாரம் என்ன நடந்தது, அதைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள், அவ்வளவுதான் நிகழ்ச்சி. காதால் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் ஏன் திடீரென்று முகத்தைக் காட்ட ஆரம்பித்தது, யாருடைய பார்வை எண்ணிக்கை காசு கொடுத்து வாங்கியது, கணினிக் குரலை வைத்துக்கொண்டு மனிதன் பேசுவதாக ஏமாற்றுவது யார் என்றெல்லாம் புட்டுப் புட்டு வைப்பாள். பார்ப்பவர்கள் சில நூறு பேர். அதில் பாதி தொழில்காரர்கள், இந்த வாரம் நமக்குத் திட்டு விழுந்ததா என்று எட்டிப் பார்க்க வருபவர்கள்.

இதில் வயிறு நிறையாது. துருக்கித் தொடர்களுக்கு அரபியில் வசன எழுத்து போட்டுத்தான் அவள் வீட்டை ஓட்டினாள். வீடு என்றால் அவள், அவள் அம்மா உம் திரார், தம்பி திரார். அப்பா இல்லை. திரார் மினிபஸ் ஓட்டினான். தம்பி என்று பெயர்தான், அவனைத் தூக்கி வளர்த்தவளே தக்ரீத்தான்.

பேச்சு சூடாகிவிட்டால் மேசையைக் குத்துவது அவள் பழக்கம். எனக்கு ஹெட்ஃபோனில் காது கிழியும்.

"மேசையைக் குத்தாதே தாயே, இடி விழுற மாதிரி கேக்குது!"

"விழட்டும். கேக்கிறவன் தூங்காம இருப்பான்."

"அந்தச் சில நூறு பேரும் ஓடிடுவாங்க."

"ஓடுறவன் ஓடட்டும். நீ ஒலியைக் குறைச்சுக்கோ, நான் குரலைக் குறைக்க மாட்டேன்."

ரமலான் மாதத்தில் அவள் கையில் எடுத்தது ஜாஹா நேரலைகளை. ஒருவன் கையால் ஓர் உயிர் போய்விட்டால், அவன் பக்கத்துப் பெரியவர்கள் கூட்டமாக இறந்தவன் வீட்டுக்குப் போவார்கள். அதுதான் ஜாஹா. வீட்டுக்காரர்கள் காப்பி ஊற்றி வைப்பார்கள். வந்தவர்களின் பெரியவர் கோப்பையைத் தொடமாட்டார், கீழே வைத்துவிட்டுக் கேட்க வந்ததைக் கேட்பார். இறந்தவனின் அப்பா 'உங்க காப்பியைக் குடிங்க' என்று சொன்னால் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் தாத்தா காலத்திலிருந்தே இப்படித்தான். இப்போது அதை நேரலையாக ஒளிபரப்பும் பைத்தியம் பிடித்திருக்கிறது. வட்ட விளக்கு, சட்டை மைக், மேலே பறக்கும் கேமரா எல்லாம் வந்துவிட்டன. அந்த விஷயத்தில் ராஜா ஷேக் ஃபவாஸ். மாதபா நகரத்துக்குத் தெற்கே ஒரு ஊர்க்காரர், அவருடைய இணையப் பக்கத்தை லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்தார்கள். அவருடைய ஒரு நேரலையிலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் போட்டுத்தான் தக்ரீத் பேசினாள்.

"இந்த அப்பாவோட கண்ணைப் பாருங்க. புள்ளையை மண்ணுல வெச்சுட்டு வந்து உக்காந்திருக்கார். சுத்தி நூறு தலை, ஃபோனுக்குள்ள இன்னும் லட்சம் தலை. ஷேக் ஃபவாஸுக்கு வெளிச்சம் சரியா விழணும், அதான் கவலை. இந்த மனுஷன் 'குடிங்க'ன்னுதான் சொல்லுவார், வேற என்ன சொல்ல முடியும்? கேமரா முன்னாடி வாங்குறது மன்னிப்பா? அவர் வாயிலருந்து பிடுங்குறது அது."

மேசையை இரண்டு முறை குத்தினாள். நல்ல துண்டு, வெட்டிக் கொடுத்தேன். அந்த மாதத்து நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்த துண்டுகளையெல்லாம் அவளே வரிசைப்படுத்தி, வாரத்துக்கு ஒன்று தானாக வெளியாகும்படி குறித்துவைத்தாள். தொழுகை முடிந்து, மன்ஸஃப் சோறும் கறியும் தின்று, சாய்ந்துகொண்டு ஃபோனைத் தேய்க்கும் வெள்ளிக்கிழமை பிற்பகல்தான் எங்கள் தொழிலில் பொன்னான நேரம்.

பெருநாள் கழிந்த வாரம் திரார் மினிபஸ்ஸில் ஒரு லாரியை முந்தினான். எதிரே மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோன ஒரு பையன். பெயர் ரகான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். தப்பு திராருடையது, அதில் சந்தேகமே இல்லை. அன்றைக்கே அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

வக்கீல் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். பையனின் அப்பா அபூ ரகான் வழக்கில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்தால் வழக்கு லேசாகும், திரார் சீக்கிரமே வெளியே வந்துவிடுவான். விட்டுக்கொடுக்காவிட்டால் நீதிமன்றம் அவனை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளும். உம் திரார் அன்றிலிருந்து சோறு தண்ணீரைத் தொடவில்லை.

பேச்சு நடத்தப் போனவர்கள் திரும்பி வந்து, அந்தக் குடும்பத்தின் பெரியவர் ஷேக் ஃபவாஸ் என்றார்கள். தக்ரீத் எழுந்துபோய்க் கணினியைத் திறந்து, ரமலான் நிகழ்ச்சியை அடியோடு அழித்தாள்.

"யார் பார்த்திருக்கப் போறா? நம்மளை எவன் பார்க்கிறான்?" என்றேன்.

"ஒருத்தன் பார்த்திருந்தாப் போதும்."

நிகழ்ச்சி அழிந்தது. ஆனால் வரிசையில் குறித்துவைத்த துண்டுகள் தனிக் கோப்புகள், நிகழ்ச்சியோடு சேர்ந்து அழியாது. எங்கள் தொழிலில் முதல் வாரம் சேருகிறவனுக்குக்கூட இது தெரியும். அவளுக்கும் எனக்கும் அது நினைவே வரவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தக் கணக்கைத் திறக்கவும் இல்லை. சிறைக்கும் வக்கீலுக்கும் நடுவில் அலைகிறவளுக்குச் சேனல் எங்கே ஞாபகம் வரும்? ஒவ்வொரு வெள்ளியும் ஒரு துண்டு தானாக வெளியாகி, நாலு பேர் பார்த்து, அமுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற ஒரு ராணுவ அதிகாரி எங்கள் பக்கம் முன்நின்றார். எல்லோரும் அவரைப் பாஷா என்றுதான் கூப்பிடுவார்கள். நடையாய் நடந்து பேசி முடித்தார். அபூ ரகான் 'குடிங்க' என்று சொல்லப் போகிறார், வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜாஹா என்று முடிவானது. ஷேக் ஃபவாஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், நேரலை கட்டாயம். பாஷா மீசையைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

பெண்கள் ஜாஹாவுக்குப் போவதில்லை. ஆனாலும் தக்ரீத் வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள். என் காரில் ஏறி, அந்த ஊர் எல்லையில் ஒலிவத் தோட்டத்து ஓரமாக நிறுத்தச் சொல்லி, உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வஸ்ஃபி, அவர் 'குடிங்க'ன்னு சொன்ன அடுத்த நொடி எனக்கு ஒரு மணி அடி. எடுக்க மாட்டேன். மணி அடிச்சாலே போதும்."

"நேரலைதான் போகுதே, நீயே பாரு."

"என்னால பார்க்க முடியாது."

கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலி வரிசைகள், இரண்டு பக்கமும் நூறு நூறு பேர். நடுவில் முக்காலியில் ஃபோனும் வட்ட விளக்கும். அபூ ரகான் ஒரு மெலிந்த மனுஷன், குழாய் ரிப்பேர் பண்ணுகிறவர் என்று சொன்னார்கள். ஷேக் ஃபவாஸின் மருமகன் அவர் அங்கியைப் பிடித்து இழுத்து நெஞ்சில் மைக்கை மாட்டிக்கொண்டிருந்தான். கோணலாக மாட்டினான், மூச்சு விட்டால் உரசும். பிள்ளை செத்த ஒருவரின் நெஞ்சில் மைக் உரசுவதைப் பற்றிக் கவலைப்பட்ட என் புத்தியை நானே செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

காப்பி வந்தது. பாஷா கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். எழுந்து நின்று பேசினார். அல்லாஹ்வைப் புகழ்ந்தார், பையனுக்காகத் துஆ கேட்டார், தப்பு எங்களுடையது என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். 

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பின்வரிசையில் யாரோ ஒருவனின் ஃபோனில் மெல்லிய ஒலியில், இடி விழுவது போல இரண்டு குத்து. எத்தனை ஃபோன் ஒன்றாக அலறினாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஜாஹா துண்டைத்தான் அந்த வெள்ளிக்குக் குறித்துவைத்திருந்தாள்.

நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அதிலிருக்கும் ஷேக்கின் முகம் இதிலும் இருக்கிறது என்று தளம் தானாகவே எங்கள் துண்டைக் கீழே நீட்டியிருக்கிறது. எவனோ அதை எடுத்து நேரலையின் கருத்துகளில் ஒட்டியிருக்கிறான். பிறகு ஃபோன் ஃபோனாகத் தாவியிருக்கிறது. என் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. தக்ரீத்தான்: 'அது வெளிய போயிடுச்சு. அழிச்சுட்டேன். அழிச்சுட்டேன்.' அவள் அழித்து என்ன? அதற்குள் ஆளாளுக்குச் சேமித்துவைத்துவிட்டார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஃபோன் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. நடுவரிசையில் யாராவது அதை நிறுத்திவிடமாட்டார்களா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் நிறுத்தவில்லை. ஷேக் ஃபவாஸ் கைநீட்டிப் பறிக்கப் பார்த்தார், அதற்குள் அபூ ரகானின் கை அதன்மேல் விழுந்துவிட்டது.

பாஷா பேச்சை நிறுத்திவிட்டார். அபூ ரகான் அந்தத் துண்டை முழுதாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து போட்டார். கூடாரத்தில் தக்ரீதின் குரல் மட்டும் கேட்டது.

"இந்தப் பொண்ணு யாரு?"

"எவளோ வேலையத்தவ. விடு தம்பி, மேல நடக்கட்டும்" என்றார் ஷேக் ஃபவாஸ்.

"பேரைப் பாருங்கடா!" என்று பின்னால் ஒருவன் கத்தினான். "டிரைவரோட குடும்பப் பேரு! அவனோட அக்கா! நம்மளைக் கேலி பண்ணிட்டு நம்ம வாசலுக்கே காப்பி குடிக்க வந்திருக்கானுங்க!"

நாற்காலிகள் சரிந்தன. எங்கள் பக்கத்திலும் சில இளவட்டங்கள் எழுந்தார்கள். பாஷா இரண்டு கையையும் விரித்து நின்றார். ஒரு கல் பறந்திருந்தால் அன்றைக்கு இன்னும் ஓர் உயிர் போயிருக்கும். நான் எழுந்து நின்றதே எனக்குத் தெரியாது, என் குரல்தான் முதலில் கேட்டது.

"அபூ ரகான், இது ரமலான்ல பேசினது. உங்க பையன் அப்ப உயிரோட இருந்தான். உங்களை நினைச்சுப் பேசினது இல்ல, அல்லாஹ் சாட்சி. இன்னைக்கு வெளிய வந்தது எங்க முட்டாள்தனம்."

"நீ யாரு?"

"அந்த வீடியோவை வெட்டினவன்."

அவர் என்னைப் பார்த்தார். 

"ரமலான்லயே பேசிட்டாளா" என்றார். "அப்புறம் எப்படி என் கண்ணைப் பார்த்தா?"

 அவர் நெஞ்சிலிருந்த மைக்கைக் கழற்றி, மருமகனின் உள்ளங்கையில் வைத்தார். "விளக்கை அணை" என்றார்.

"தம்பி, லட்சம் பேர் பார்த்துட்டு இருக்காங்க!" என்றார் ஷேக் ஃபவாஸ்.

"அதான் அணைக்கச் சொல்றேன்."

மருமகன் மாமனாரைப் பார்த்தான். அபூ ரகான் தானே எழுந்துபோய் முக்காலியை மடக்கித் தரையில் சாய்த்தார். திரும்பி வந்து பாஷாவுக்கு எதிரே நின்றார்.

"பாஷா, நீங்க நல்ல மனுஷன். நேத்து உங்களுக்குச் சரின்னு சொன்னேன். ஃபவாஸ் அண்ணன் சொன்னார், ஊர் சொல்லுச்சு, லட்சம் பேர் பார்ப்பாங்க, பெருந்தன்மையா இருன்னாங்க. காலையிலருந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன், பாஷா." என்றார். "அந்தப் பொண்ணு பொய் சொல்லல. எனக்கு மன்னிக்க முடியல. இன்னும் அவன் செருப்பு வாசல்லயே கிடக்குது."

"அபூ ரகான்..."

"உங்க ஆளுங்க மேல ஒரு கை படாது. அது என் மானத்து மேல பொறுப்பு. எங்க பசங்க எவனாவது அந்த வீட்டுப் பக்கம் போனா என்னைத் தாண்டித்தான் போகணும். ஆனா அந்தக் காப்பியைக் குடிக்கச் சொல்லி என்னைக் கேக்காதீங்க."

பாஷா கீழே இருந்த கோப்பையைப் பார்த்தார். குனிந்து அபூ ரகானின் தோளில் முத்தமிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எழுந்திரிங்க, போகலாம்" என்றார். இருநூறு பேர் இருந்த இடத்தில் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

காருக்கு வந்தேன். தக்ரீத் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கவில்லை, அதனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். குறைத்துச் சொல்லியிருக்கலாம்தான். அவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு வராது.

"கண்ணாடி முன்னாடி பழகினாராமா?"

"ஆமா."

"கடவுளே" என்றாள். நான் வண்டியை அம்மான் பக்கம் எடுத்தேன். அழுதாள் என்று நினைக்கிறேன், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் துண்டு நாடு முழுக்கப் பரவியது, நாட்டைத் தாண்டியும் போனது. மொராக்கோவிலும் கெய்ரோவிலும் இருந்து ஆட்கள் அதை வைத்து வாதம் செய்தார்கள். உண்மையைச் சொன்ன வீராங்கனை என்றான் ஒருவன். குடும்பத்தைக் கெடுத்தவள் என்றான் இன்னொருவன். சில நூறு பேர் பார்த்த எங்கள் சேனலுக்கு மில்லியன் கணக்கில் வந்து நின்றார்கள். ஒரு விளம்பரக் கம்பெனிக்காரன் என்னைக் கூப்பிட்டு, வாராவாரம் இதே மாதிரி ஒரு துண்டு கொடுக்க முடியுமா என்று கேட்டான். நான் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள். தக்ரீத் வரிசையில் மிச்சமிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். நிகழ்ச்சியை மூடிவிடலாமா என்று நான் கேட்டபோது, "முதல்ல திராரைப் பார்க்கணும்" என்றாள்.

சிறைக்கு உம் திராரால் வர முடியவில்லை, நான் கூடப் போனேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் திரார் உட்கார்ந்திருந்தான், தாடி வளர்ந்து, முகம் சிறுத்து. உள்ளே இருந்தவர்களும் நேரலை பார்த்தார்களாம், பாதியிலேயே இருட்டாகிவிட்டதாம். என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. தக்ரீத் அங்கிருந்த ஃபோன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ரமலானில் பேசியது, குறித்துவைத்தது, மறந்தது, அபூ ரகான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தது, எதையும் விடவில்லை. தன் தப்பை மெழுகிச் சொல்லவும் இல்லை.

திரார் குறுக்கே பேசாமல் கேட்டான். பக்கத்தில் நின்ற எனக்கும் அவன் குரல் ரிசீவரிலிருந்து கேட்டது.

"அவன் செருப்பு இன்னும் வாசல்ல கிடக்குதாமா?"

"அப்படித்தான் சொன்னார்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். 

"நீ பேசினது சரிதான் அக்கா" என்றான். "அந்த மனுஷன் பொய் சொல்ல வேண்டியதில்லாமப் போச்சு. எல்லாம் சரி. ஆனா உள்ள கிடக்கிறது நான்."